ரோலர் கதவுக்கு நானே பெயின்ட் அடிக்கலாமா?

ஜனவரி 6, கேள்வி

வீடு இலங்கை மலைநாட்டில், கொட்டகலைப் பக்கம். கராஜ் ரோட்டோரம், வீடு அதற்குக் கீழே. ரோலர் கதவு, எட்டடி அகலம், ஏழடி உயரம். வாங்கும்போதே இளம்பச்சை நிறத்தில் வந்தது. மேல்பாதி வெளுத்துவிட்டது, கீழே ஒரு முழத்துக்குத் துரு ஏறியிருக்கிறது. பெயின்ட் பாஸ் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு மேலேயே எனாமல் ரெண்டு கோட் போட்டா முடிஞ்சுது, ஒரு நாள் வேலை" என்றார். அவர் கேட்கிற கூலிக்கு நானே அடித்துவிடலாம் போலிருக்கிறது. பொங்கலுக்குள் முடிக்க வேண்டும் என்று வீட்டில் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். அனுபவம் உள்ள அண்ணன்மார் சொல்லுங்கள், நம்மால் முடியுமா?

ஜனவரி 6, இரவு

தாராளமாக முடியும் தம்பி. பொங்கலுக்குள் மட்டும் வேண்டாம். கதவைக் கழுவித் துடைத்து, மாவிலை கட்டிப் பொங்கலை நடத்துங்கள். பெயின்ட் டப்பாவை பெப்ரவரி நடுவில் திறங்கள்.

நான் தலவாக்கலையில் இருக்கிறேன். தேயிலை பெக்டரியில் பராமரிப்பு வேலை பார்த்தவன். கூரைத் தகரம், இரும்புத் தூண், தண்ணீர்த் தொட்டி என்று பெயின்ட் அடித்தும் உரிந்ததைச் சுரண்டியும் பழகிய கை. அதில் உறுதியாகக் கண்டது ஒன்று உண்டு. மலைநாட்டில் பெயின்ட் உரிந்தால் முதலில் டப்பாவைத் திட்டுகிறோம். எந்த மாதம் அடித்தோம், எத்தனை மணிக்கு அடித்தோம் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

கொட்டகலை, ஹட்டன், தலவாக்கலை எல்லாம் மலையின் மேற்குச் சரிவு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை நம்மை நனைக்கிறது. ஒக்டோபர், நவம்பரில் இடைப்பருவ மழை. டிசம்பரிலும் ஜனவரித் தொடக்கத்திலும் வடகிழக்கின் தூறல் இந்தப் பக்கமும் எட்டிப் பார்க்கும். ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் நடு வரைதான் காய்ந்த காற்று. பெக்டரியில் அந்த நாட்களுக்குக் குவாலிட்டி சீசன் என்று பெயர். திம்புள்ளத் தேயிலைக்கு வாசம் கூடி, நல்ல விலை போகிற காலம். கொழுந்து நன்றாக வாடுகிற காற்றில் பெயின்ட்டும் நன்றாகக் காயும்.

நம் ஆட்கள் தீபாவளிக்குத்தான் வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பார்கள். நன்றாக நனைகிற வாரங்கள் அவை. ஆசையில் குறை சொல்ல எதுவுமில்லை. உள்சுவருக்கு அடித்துக்கொள்ளட்டும், வெளியே நிற்கிற இரும்பை விட்டுவிடட்டும்.

ஜனவரி 7

ஒன்றை நேற்றே சொல்லியிருக்கலாம். அந்தக் கதவு என்ன தகரம் என்று பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.

உள்பக்கம், கண்ணில் படாத ஒரு மூலையில் பிளேடால் நாலு கீறல் போடுங்கள். பச்சைக்கு அடியில் சாம்பல் வெள்ளையாகப் பளபளத்தால் அது நாகம், அதாவது துத்தநாகம், பூசிய தகரம், நாம் கல்வனைஸ் என்கிறோமே அதுதான். பழைய தகரமாக இருந்தால் பூப்பூவாகப் படிகம் படர்ந்ததுபோல் தெரியும். அடியில் கறுத்த இரும்பு நிறம் தெரிந்து, அந்தக் கீறல் இரண்டு நாளில் செம்மஞ்சளானால் வெறும் இரும்புத் தகடு. காந்தம் ஒட்டவே இல்லையென்றால் அலுமினியம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நாகத்தின் மேல் நேராக எண்ணெய் எனாமல் அடித்தால் நிற்காது. எனாமலில் இருக்கிற எண்ணெய்ப் பிசினும் நாகமும் ஈரம் பட்டுப் பட்டு வினைபுரிந்து, இடையில் நாக சவர்க்காரம் உண்டாகிவிடும். பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே சவர்க்காரம்தான். அது வழுக்கும். ஒரு மழைக்காலம் போனபின் நகத்தை வைத்து நெம்பினால் பெயின்ட் முழுத் தாளாகக் கையோடு வரும், அடியில் தகரம் புதிதாகப் பளபளக்கும். எங்கள் பெக்டரிக் கூரை ஒன்றில் அப்படி உரித்தெடுத்த தாள்களைச் சாக்கில் அள்ளிப் போட்டோம்.

உங்கள் பாஸ் சொன்னதில் பாதி சரி. பச்சைப் பூச்சு முழுதாக இருக்கிற இடத்தில் எனாமல் பிடிக்கும். பூச்சு தேய்ந்து தகரம் தெரிகிற இடத்தில் பிடிக்காது. ரோலர் கதவு ஏறி இறங்கும்போது தினமும் உரசுவதால் அப்படித் தேய்ந்த இடம் நிறைய இருக்கும்.

ஜனவரி 8

தம்பி கீறிப் பார்த்துப் படம் அனுப்பியிருக்கிறார். சாம்பல் வெள்ளை. கல்வனைஸ் தகரம், மேலே தொழிற்சாலையில் சூட்டில் சுட்ட வர்ணம்.

அப்படியானால் வாங்க வேண்டியது: கல்வனைசுக்கு என்று எழுதியிருக்கிற ப்ரைமர் அரை லீட்டர், வாட்டர் பேஸ் எனாமல் ஒரு லீட்டர். கணக்கு எளிது. எட்டடிக்கு ஏழடி 56 சதுர அடி. பட்டைகளின் வளைவையும் சேர்த்தால் ஆறு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஒரு லீட்டர் ஒரு கோட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு சதுர மீட்டர் போகும். வெளிப்பக்கத்துக்கு மட்டும் இரண்டு கோட் என்றால் மட்டுமட்டாக வரும். வேற்று நிறத்துக்கு மாறினால் இன்னொரு சின்ன டப்பாவும் சேர்த்து வாங்குங்கள். எல்லாம் ஒரே நாளில், ஒரே கடையில். கலந்து தருகிற நிறம் அடுத்த முறை அச்சாக அதே மாதிரி வராது.

ஜனவரி 8, பிறகு

மிச்சமிருக்கிற வெளிச்சுவர் இமல்ஷனை அடித்தால் என்ன என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார். அதுவும் தண்ணீரில் கரைவதுதானே என்கிறார். நியாயமான கேள்வி.

சுவர் பெயின்ட் காய்ந்த பிறகும் மெத்தென்று இருக்கும். சுவருக்கு அது நல்லது. ரோலர் கதவைச் சுருட்டினால் ஒரு பட்டையின் முகம் இன்னொன்றின் முதுகில் அழுந்தும். மெத்தென்ற பெயின்ட் ஒட்டிக்கொள்ளும், இறக்கும்போது ஒன்று மற்றதை உரித்துக்கொண்டு வரும். வாட்டர் பேஸ் எனாமல் இறுகிக் காயும், ஆனாலும் கதவோடு கொஞ்சம் வளைந்து கொடுக்கும். எண்ணெய் எனாமல் தொடக்கத்தில் நன்றாக இறுகும், வயதாக ஆக நொறுங்கும். தினமும் சுருளுகிற கதவுக்கு அது தோதுப்படாது. இழுத்துத் திறக்கிற இரும்புக் கேட்டுக்கு இன்றும் நான் எண்ணெய் எனாமல்தான் அடிக்கிறேன், அடியில் துருவைத் தடுக்கிற ஆன்டிகொரசிவ் ப்ரைமரோடு.

ஜனவரி 9

மண்ணெண்ணெய் கலக்காதீர்கள். மலைநாட்டில் இது ஒரு வியாதியாகவே இருக்கிறது. குளிரில் எனாமல் தடித்துப் போய் பிரஷ் இழுபடாது. உடனே கைக்குக் கிடைக்கிற மண்ணெண்ணெயை ஊற்றுவார்கள். அது மெதுவாக ஆவியாகும், எண்ணெய்ப் பசையை விட்டுப்போகும், பளபளப்பைக் கொன்றுவிடும். அடித்த பெயின்ட் நாட்கணக்கில் பிசுபிசுவென்று கிடந்து தூசியும் பூச்சியும் வாங்கும். பிரஷ் கழுவ மண்ணெண்ணெய் சரி. டப்பாவுக்குள் அதற்கு வேலையில்லை.

பெயின்ட் தடித்திருந்தால் மூடிய டப்பாவை வெந்நீர் வாளியில் கொஞ்ச நேரம் வையுங்கள். கை பொறுக்கிற சூடு போதும். அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது.

ஜனவரி 13

பதுளையிலிருந்து ஒருவர் பெப்ரவரியில் தானும் தொடங்கலாமா என்று கேட்கிறார். வேண்டாம் ஐயா. மேலே சொன்ன மாதக் கணக்கு மேற்குச் சரிவுக்கு மட்டும். ஊவாப் பக்கம் அப்படியே தலைகீழ். பதுளை, பண்டாரவளை, பசறைக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அது பெப்ரவரி வரை இழுக்கலாம். உங்களுக்குக் காய்ந்த காலம் ஜூன் முதல் செப்டெம்பர் வரை. அப்போது மழையெல்லாம் எங்கள் பக்கம் கொட்டித் தீர்ந்து, மலையைத் தாண்டி வறண்ட கச்சான் காற்றாக உங்களிடம் இறங்குகிறது. ஊவாத் தேயிலையின் குவாலிட்டி சீசனும் அதே நாட்கள்தான்.

ஆனால் கச்சான் வீசுகிற நாளில் வேறொரு தொல்லை உண்டு. பிரஷ் ஓடிய ஓரம் அடுத்த இழுப்பு வருவதற்குள் காய்ந்து, கோடு கோடாகத் தெரியும். தூசியும் வந்து அப்பும். காற்று எழும்புவதற்கு முந்திய காலை நேரத்தைப் பிடியுங்கள்.

ஜனவரி 21

சாமான் பட்டியல் கேட்டார்கள். கம்பி பிரஷ், சுரண்டி, சேண்ட் பேப்பர் மூன்று வகை: துருவுக்கு 80, ஓரம் மழுப்ப 120, முழுக் கதவையும் மெல்லத் தேய்க்க 240. இரண்டு அங்குல பிரஷ், சின்ன ஸ்பொஞ் ரோலர், மாஸ்கிங் டேப், பழைய சாரம் ரெண்டு மூன்று. முகத்துக்கு மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி. கம்பி பிரஷ்ஷிலிருந்து தெறிக்கிற துருத் துகள் கண்ணில் விழுந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

பிரஷ்ஷில் காசு பார்க்காதீர்கள். முடி கொட்டுகிற பிரஷ்ஷால் அடித்த கதவைப் பார்க்கவே எனக்கு மனசு கேட்காது.

ஜனவரி 28

துருவில் தேயிலைச் சாயம் கொதிக்க வைத்து ஊற்றினால் துரு செத்துவிடும் என்று தோட்டத்தில் ஒரு பெரியவர் சொன்னாராம், உண்மையா என்று தம்பி கேட்கிறார்.

பெரியவர் எங்கேயோ உண்மையாகப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் கறுப்பாகும். தேயிலைச் செடி வெட்டுகிற கத்தி கறுத்துப்போவதும், இரும்புப் பாத்திரத்தில் விட்ட சாயம் மையாவதும் அதனால்தான். கடையில் விற்கிற துரு மாற்றியில் பல வகை டனிக் அமிலத்தால் ஆனவை. அதே குணம்தான், துருவைக் கறுப்பான, அசையாத ஒரு படலமாக மாற்றும். ஆனால் கடைச் சாமானில் அந்தப் படலத்தைப் பிடித்து வைக்கப் பிசினும் இருக்கும். சாயத்தண்ணீரில் செறிவும் போதாது, பிசினும் இல்லை. கறுப்பு நிறம் வரும், காவல் வராது. சாயத்தைக் குடித்துவிட்டு, கம்பி பிரஷ்ஷைக் கையில் எடுங்கள்.

துரு மாற்றி வாங்கினாலும் உதிர்கிற துருவைச் சுரண்டி எடுத்த பிறகுதான் பூச வேண்டும். அடியில் தளர்ந்து கிடக்கிற துருவின் மேல் எதைப் பூசினாலும் அந்தத் துருவோடு சேர்ந்து அதுவும் விழும்.

பெப்ரவரி 4

இந்தக் கிழமை நுவரெலியாப் பக்கம் துகள் உறைபனி பற்றிப் பேச்சு. காலையில் புல் வெள்ளையாகக் கிடக்கிற படங்களை எல்லோரும் அனுப்புகிறார்கள். பெயின்ட் அடிக்கக் காத்திருப்பவர்களும் அதைப் பார்த்து வைக்க வேண்டும். நமக்கு நல்ல மாதத்தின் சிக்கலே அதுதான். பகல் காய்ந்திருக்கும், வானம் தெளிந்திருக்கும். தெளிந்த வானம் இருக்கிற இரவில் தகரம் தன் சூட்டையெல்லாம் மேலே விட்டுவிடும். சுற்றியுள்ள காற்றை விடவும் குளிர்ந்துபோய், பனி முழுவதையும் தன் மேல் இழுத்துக்கொள்ளும். விடியற்காலையில் கதவைத் தொட்டுப் பாருங்கள், மழையே பெய்யாமல் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். வெயில் வந்து அரைமணியில் கண்ணுக்குக் காய்ந்ததுபோல் தெரியும். பட்டைகளின் மடிப்புக்குள் ஈரம் அப்படியே நிற்கும்.

ஆகவே காலை பத்துக்கு முன் தொடங்காதீர்கள். பகல் ஒன்றுக்கு மேல் பிரஷ்ஷைத் தொடாதீர்கள். பிற்பகலில் மூடுபனி ஏறும்போது பெயின்ட் தன் முதல் இறுக்கத்தைத் தாண்டியிருக்க வேண்டும். பாஸ்மார் ஒரு நாள் கூலிக்கு ஒரு நாள் முழுக்க அடிக்க வேண்டியிருக்கிறது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாம் நம் கதவுக்கு ஒரு நாளில் மூன்று மணி நேரம் மட்டும் அடித்துவிட்டு எழுந்து போகலாம். நாமே அடிப்பதில் கூலி மிச்சமாவதை விட இதுதான் பெரிய லாபம் என்று நினைக்கிறேன்.

பெப்ரவரி 5

எவ்வளவு ஈரம் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேள்வி வந்திருக்கிறது.

பெக்டரிக்குள் கொழுந்தை வாட வைக்கிற மாடியில் ஹைக்ரோமீட்டர் தொங்கும். இரண்டு வெப்பமானி, ஒன்றின் குமிழில் ஈரத்திரி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துத்தான் கொழுந்துக்குச் சூடான காற்று விடுவதா என்று முடிவு செய்வார்கள். பெயின்ட்டுக்கும் நான் அதையே பார்ப்பேன். நம் ஊர்க் குளிரில் அந்த வித்தியாசம் 4 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே, அதாவது ஏறத்தாழ 2 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால் காற்றில் ஈரம் நிரம்பிவிட்டது, டப்பாவைத் திறக்காதீர்கள். பெயின்ட் காரர்கள் இதையே வேறு கணக்கில் சொல்வார்கள். ஈரப்பதன் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், தகரத்தின் வெப்பம் பனி படிகிற வெப்பநிலையை விட 3 டிகிரி செல்சியசாவது மேலே இருக்க வேண்டும். வாட்டர் பேஸ் என்றால் காற்றும் தகரமும் 10 டிகிரிக்கு மேலே.

கருவி இல்லாதவர்களுக்கு: ஈரத்துணியால் கதவில் ஒரு தடவு தடவுங்கள். மெல்லிய ஈரப்படலம் தெரிய வேண்டும், வழியக்கூடாது. கால் மணி நேரத்தில் அது மறைந்தால் அடிக்கலாம். மறையாவிட்டால் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு மறுபடி பாருங்கள்.

பெப்ரவரி 17

தம்பி துருப் பக்கத்தைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசிப் பட்டைக்கு அடியில் ரப்பர் பிடிக்கிற அலுமினியத் தண்டு, அதற்கு மேலே பச்சைப் பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. ஒரு கொப்புளத்தைப் பெருவிரலால் அழுத்தச் சொன்னேன். செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்ததாம். பூச்சுக்கு அடியில் தண்ணீர் குடியிருக்கிறது.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? படத்தின் ஓரத்தில் பதில் இருக்கிறது. ரோட்டிலிருந்து கராஜுக்குள் சரிவு இறங்குகிறது, தண்ணீரை மறித்து வழிவிடக் குறுக்கே கான் (வாய்க்கால்) இல்லை. மழை பெய்தால் ரோட்டுத் தண்ணீர் முழுக்கச் செம்மண்ணோடு ஓடிவந்து கதவில் அடித்து, ரப்பருக்குப் பின்னால் தேங்கி நிற்கும். இந்த மலையில் ரோட்டுக்குக் கீழே வீடு கட்டியவர்கள் பாதிப்பேரின் கதவு இப்படித்தான் போகிறது. எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும் இரண்டு மழைக்காலத்தில் அதே இடத்தில் கொப்புளம் வரும். தம்பி, முதலில் கதவுக்கு ஒரு சாண் முன்னால் குறுக்காக ஒரு சின்னக் கான் வெட்டி, மேலே கம்பிச் சட்டம் போட்டு, பக்கத்துக் கானுக்கு வழி விடுங்கள். மேசன் பாஸுக்குக் கொடுக்கிற அந்தக் காசுதான் இந்த வேலையில் மிகப் பிரயோசனமான செலவு.

பெப்ரவரி 18

கான் வெட்டிய சீமெந்து காயட்டும். அதற்குள் கதவைத் தயார்ப்படுத்தலாம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் வேலையில் முக்கால்வாசி இதுதான்.

முதலில் வாகனத்தை வெளியே எடுத்துவிடுங்கள். சொல்ல வேண்டியதில்லை என்று தோன்றும். பெயின்ட் அடித்த கதவுக்குப் பின்னால் வாகனம் மாட்டிக்கொண்டு, மறுநாளே கதவைச் சுருட்டிப் பெயின்ட்டைப் பாழாக்கிய வீடுகள் எனக்குத் தெரியும். மோட்டார் உள்ள கதவென்றால் மின்சாரத்தை அணைத்து, பிள்ளைகள் கையில் ரிமோட் இல்லாமல் பாருங்கள். மேலே சுருளுக்குள் இருக்கிற ஸ்பிரிங் பக்கம் போகவே வேண்டாம். முறுக்கேறி நிற்கிற சாமான் அது, ஒரு திருகாணியைத் தளர்த்தினாலும் கையை முறித்துவிடும்.

பாசி படர்ந்த இடத்தைப் பாத்திரம் கழுவுகிற திரவத்தால், மெல்லிய ஸ்பொஞ்சால் தேய்த்துக் கழுவுங்கள். மேலிருந்து கீழே கழுவினால் அழுக்குக் கோடு விழும். கீழிருந்து மேலே தேய்த்து, கடைசியில் மேலிருந்து தண்ணீர் விடுங்கள். கராஜின் கூரை அஸ்பெஸ்டஸ் சீட் என்றால் தண்ணீர் பீச்சுகிற இயந்திரத்தை அந்தப் பக்கம் திருப்பவே கூடாது. அந்தத் தூசி நெஞ்சுக்குள் போகக் கூடாத தூசி.

காய்ந்த பிறகு உள்ளங்கையால் கதவைத் தடவுங்கள். கையில் பச்சைப் பொடி ஒட்டினால் வெயிலில் வெந்த பூச்சு சுண்ணாம்பாகியிருக்கிறது. பொடி வராத வரை 240 பேப்பரை ஈரமாக்கித் தேய்க்க வேண்டும். பூச்சை எடுத்துவிடக் கூடாது, மினுமினுப்பு மங்கினால் போதும். துரு இடத்தில் சுரண்டி, கம்பி பிரஷ், 80 பேப்பர். கொப்புளம் முடிகிற இடத்தில் நிறுத்தாமல், பூச்சு உறுதியாகப் பிடித்திருக்கிற இடம் வரும் வரை போங்கள். பிறகு அந்த ஓரத்தை 120 பேப்பரால் மழுப்புங்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் படி தட்டுப்படக் கூடாது.

துரு ஆழமாகப் போன இடத்தில் நாகம் தீர்ந்து வெறும் இரும்பு தெரியும். அந்தத் திட்டுகளுக்கு ஆன்டிகொரசிவ் ப்ரைமர், தகரம் பளபளக்கிற இடத்துக்கு கல்வனைஸ் ப்ரைமர். தேய்த்த அன்றே ப்ரைமர் பட்டுவிட வேண்டும். நம் ஊர்ப் பனியில் ஒரு ராத்திரி வெறுமனே விட்டால் விடிவதற்குள் மெல்லிய துரு ஏறிவிடும்.

பெப்ரவரி 20

இன்று பெயின்ட். தம்பி பத்தே காலுக்குத் தொடங்கினாராம், அதற்குள் வெயில் கதவை விட்டு விலகிவிட்டதாம். நல்லது. நேர் வெயிலில் சுடுகிற தகரத்தில் அடித்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும்.

இரண்டு பக்கத் தண்டவாளத்திலும் ரப்பரிலும் பெயின்ட் படாமல் டேப் ஒட்டுங்கள். பட்டை பட்டையாகக் கோர்த்த கதவுக்கு மேலிருந்து கீழே, ஒவ்வொரு பட்டையாக, இடமிருந்து வலமாக ஒரே இழுப்பில் போக வேண்டும். மூட்டுக்குள் பிரஷ் நுனியால் லேசாகத் தொட்டுவிட்டு வெளியே இழுங்கள். அங்கே பெயின்ட் நிரம்பினால் இரண்டு பட்டையும் ஒட்டிக்கொள்ளும், கதவை ஏற்றும்போது அந்தக் கோட்டில் பிளக்கும், பிளவுக்குள் தண்ணீர் போகும். பட்டையின் வயிற்றுப் பகுதிக்கு ஸ்பொஞ் ரோலர் நன்றாக ஓடும்.

முதல் கோட்டில் பச்சை திட்டுத்திட்டாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், தெரியத்தான் வேண்டும். ஒரே கோட்டில் மூட நினைத்தால் வழியும். இரண்டாவது கோட் நாளைக்கு, இதே நேரத்தில். டப்பாவில் நாலு மணி நேரம் என்று போட்டிருப்பார்கள், அது கொழும்புச் சூட்டுக்குச் சரி.

ரோட்டிலிருந்து சரிவாக இறங்குகிற இடத்தில் ஏணி வைக்காதீர்கள். ஒரு கால் தாழ்ந்து நிற்கும். கதவைப் பாதி ஏற்றிவிட்டு, அடிக்கிற பட்டை நெஞ்சுக்கு நேராக வருகிற மாதிரி வைத்து அடிக்கலாமே என்று தம்பி கேட்டார். வேண்டாம், அடித்த பட்டை உள்ளே சுருண்டுவிடும். உள்பக்கத்துச் சமதளத்திலிருந்து உறுதியான மேசையொன்றை வெளியே கொண்டுவந்து, தாழ்ந்த காலுக்குப் பலகை கொடுத்து நில்லுங்கள். ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

பெப்ரவரி 20, மாலை

ராத்திரிப் பனிக்குத் தார்ப்பாய். கூரை விளிம்பிலிருந்து கட்டித் தொங்க விடுங்கள், கதவைத் தொடாமல் ஒரு முழம் தள்ளி நிற்கட்டும். பனி தார்ப்பாயில் படியும், கதவு தப்பிக்கும்.

பெப்ரவரி 26

பண்டாரவளையில் என் அக்கா வீட்டுக் கதவு மரக்கதவு. இரட்டைக் கதவு, பழைய பங்களாக் காலத்தது, கோட்டுக்கு மேல் கோட்டாகப் பெயின்ட். அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், அதனால் மரக்கதவு வைத்திருப்பவர்களுக்கும் கொஞ்சம்.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் பெயின்ட்டில் ஈயத்துக்குச் சட்ட வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013இல்தான். அதற்கு முந்திய கதவைக் காய்ந்த பேப்பரால் தேய்க்க வேண்டாம், நெருப்புக் காட்டி உரிக்கவும் வேண்டாம். தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேய்த்து, அந்தச் சேற்றைப் பேப்பரில் வழித்துக் கட்டிப் போடுங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதைச் சும்மா விடக் கூடாது. கோழி மேய்கிற இடத்திலும்தான்.

அக்கா வீட்டுக் கதவு முகத்தில் நன்றாகத்தான் இருந்தது. கீழ் விளிம்புக்கு அடியில் கைக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். வெறும் மரம். ஒரு துளி பெயின்ட் இல்லை, கறுத்து, நார் நாராகப் பிரிந்திருந்தது. மரம் தண்ணீரைக் குடிப்பது அந்த வெட்டு முனையால்தான், உள்ளே ஏறிய தண்ணீர் முகத்துப் பெயின்ட்டைப் பின்னாலிருந்து தள்ளும். கீலைக் கழற்றிக் கதவைப் படுக்க வைத்து, மேல் விளிம்பு, கீழ் விளிம்பு இரண்டுக்கும் முதலில் ப்ரைமர் குடிக்கக் குடிக்கக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் பக்கம் ஜூனில் தொடங்குவார்கள். பைனஸ் பலகையென்றால் கணு இருக்கிற இடத்தில் ஷெல்லாக் ஒரு பூச்சு வேண்டும். இல்லாவிட்டால் பிசின் ஊறி மஞ்சளாகக் கசியும்.

பெப்ரவரி 28

ஹட்டன் நண்பர் ஒருவர் இரும்புக் கேட்டுக்கு எண்ணெய் எனாமல் அடித்தாராம், பின்னேரம் நாலு மணிக்கு முடித்தாராம். காலையில் மினுமினுப்புப் போய் பால் படர்ந்ததுபோல் மங்கியிருக்கிறதாம், பெயின்ட் போலியா என்கிறார். போலியாக இருக்கத் தேவையில்லை. காயாத எனாமலில் பனி இறங்கினால் அப்படித்தான் மங்கும். உரிக்க வேண்டாம். நன்றாக இறுகும் வரை ஒரு கிழமை விட்டு, 240 பேப்பரால் லேசாகத் தேய்த்துத் துடைத்து, காலை பத்துக்குப் பிறகு இன்னொரு மெல்லிய கோட் கொடுங்கள். கேட்டு சரியாகிவிடும்.

மார்ச் 3

இரண்டு கோட்டும் முடிந்துவிட்டது, கதவை எப்போது ஏற்றலாம் என்று தம்பி கேட்கிறார். தொட்டால் ஒட்டவில்லை என்பது காய்ந்ததற்கு அடையாளம், இறுகியதற்கு இல்லை. நம் குளிரில் பத்து நாளாவது சுருட்டாமல் விடுங்கள். இடையில் நாளுக்கு ஒரு தடவை ஒரு சாண் மட்டும் மெல்ல ஏற்றி இறக்குங்கள், மூட்டுகள் ஒட்டாமலிருக்க. பிறகு நகத்தால் கண்ணில் படாத இடத்தில் அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் இன்னும் பொறுங்கள்.

வாகனம் அதுவரை வெளியே நிற்கிறதே என்று அவர் கவலை. பக்கத்து வீட்டில் இடம் கேட்டு வையுங்கள் தம்பி. இவ்வளவு பாடுபட்டுவிட்டுக் கடைசி நாட்களில் அவசரப்பட வேண்டாம்.

மார்ச் 12

கதவு ஏறி இறங்குகிறதாம், ஒட்டவில்லையாம். தண்டவாளத்தில் கரகரக்கிறது, கிரீஸ் போடலாமா என்று கடைசிக் கேள்வி. கிரீஸ் வேண்டாம், ரோட்டுத் தூசியைப் பிடித்து மாவாக்கி, அடித்த பெயின்ட்டையே அரைக்கும். தண்டவாளத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு சிலிக்கன் ஸ்பிரே அடியுங்கள், இல்லையென்றால் மெழுகுவர்த்தியை உரசிவிடுங்கள். கீழ் ரப்பர் கிழிந்திருந்ததே, அதையும் மாற்றிவிடுங்கள். மிச்சப் பெயின்ட்டைச் சின்னப் போத்தலில் விளிம்பு வரை நிரப்பி, மூடியில் நிறத்தின் எண்ணை எழுதி, உறைபனி படாத இடத்தில் வையுங்கள். மே மாதம் முதல் பெருமழைக்குப் பிறகு அந்தக் கடைசிப் பட்டையை மட்டும் இன்னொரு தடவை பெருவிரலால் அழுத்திப் பார்த்து எனக்குச் சொல்லுங்கள்.